இடது கார்னர்

டீ வேண்டாம் சார். காலையிலிருந்து மூன்று குடித்தாயிற்று, இந்த வயதில் வயிறு தாங்காது. உட்கார்ந்து பேசலாமா? முழங்கால் வலி.

உள்ளே லாக்கப்பில் இருக்கும் வெள்ளைத்துரை, அருண்பாண்டியைக் கொன்றது தான்தான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறானாமே. அது சரியில்லை. அதைச் சொல்லத்தான் டவுன் பஸ் பிடித்து வந்தேன். கொஞ்சம் சுற்றித்தான் சொல்லவேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாக ஒரு கபடி டீம் நடத்துகிறேன். தை பிறந்ததும் ஊர் ஊராக ஆட்டம், சித்திரையோடு முடியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. பையன்கள் படுத்துத் தூங்குவார்கள். எனக்கு அப்போதுதான் தலைவலி. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது, வெளியூரில் யாரைக் கேட்டுப் பார்ப்பது. கால் போன ஒருவனைக் கூப்பிட்டு, அடுத்த வருடம் நீ வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். நான் பதினாறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவன் என் காலில் விழுந்து அழுதான். சலித்துப்போய்விட்டது சார்.

போன சித்திரையில் திருநகர் டீமோடு இறுதி ஆட்டம். கடைசி நிமிடம். அவர்கள் ஆள் கபடி பாடி எங்கள் பக்கம் வந்தான். இடது கார்னரில், பின்கோட்டு மூலையில் நின்ற வெள்ளைத்துரை அவன் கணுக்காலைப் பிடித்து வாரினான், மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்கினார்கள். ஆள் முடிந்தான் என்று நினைத்து வெள்ளைத்துரை கையைத் தளர்த்திவிட்டான். விசில் இன்னும் ஊதவில்லை. கீழே கிடந்தவன் ஒரு எம்பு எம்பி நடுக்கோட்டைத் தொட்டான். கோப்பை திருநகருக்குப் போனது.

மறுநாள் எல்லாரையும் கருப்பு கோயிலுக்குக் கூட்டிப்போனேன். "இனிமே விசில் கேக்காம எவனும் பிடிய விடக் கூடாது. அவன் கத்துனாலும் சரி, அழுதாலும் சரி" என்றேன். வெள்ளைத்துரை முதல் ஆளாக வந்து, எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தான். முரடன்தான், ஆனால் சொன்ன சொல் தவறமாட்டான். அந்த மாதிரி ஆள் கிடைப்பது கஷ்டம்.

அருண்பாண்டி எங்களுடைய முதல் ரைடர். பாடிப் போனால் சும்மா திரும்பமாட்டான். ஐப்பசியில் ஒருநாள் வீட்டுக்கு வந்து, நின்றபடியே பேசினான்.

"அண்ணே, தையிலருந்து திருநகருக்கு ஆடப் போறேன். கம்பெனி வேலையும் வாங்கித் தாரேங்குறாக. எங்கம்மா இனிமே களையெடுக்கப் போகவேணாம்ணே."

"நல்லாயிரு மாப்ள. அம்மாவ நல்லாப் பாத்துக்க" என்றேன். பொய்யில்லை சார், மனசாரத்தான் சொன்னேன். புரோட்டா கடைக்குக் கூட்டிப்போய் சாப்பிட வைத்தேன்.

மறுநாள் காகிதத்தை எடுத்துப் பெயர்களை எழுதிப் பார்த்தேன். டி. கல்லுப்பட்டி அசோக்குமாரைக் கேட்கலாம். தொட்டுவிட்டு ஓடுவான், மல்லுக்கட்டத் தெரியாது. நம் தவசிக்கு இன்னும் இரண்டு வருடம் வேண்டும். எப்படி எழுதினாலும் ஏழு பேர் அமையவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அருண்பாண்டி இனி எதிர்ப்பக்கத்திலிருந்து எங்களைப் பார்த்துப் பாடி வருவான். எங்கள் ஒவ்வொருவன் ஓட்டையும் அவனுக்கு அத்துப்படி.

காலில் அடிபட்டவனைத் திருநகர்க்காரர்கள் தொடமாட்டார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. ஒரு வருடம் வீட்டில் இருப்பான். ஆறியதும் எங்களிடம்தான் வருவான். வைத்தியச் செலவை நான் பார்த்துக்கொள்வேன். அவனுக்கும் பெரிதாகக் கெடுதல் இல்லை என்றுதான் நினைத்தேன்.

"போறதுக்கு முன்னாடி ஒருநா நம்ம பயலுகளோட ஆடிட்டுப் போடா" என்று சொல்லி அனுப்பினேன். மழை விட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். எல்லாருக்கும் மிட்டாய் வாங்கி வந்திருந்தான். எனக்கு இரண்டு.

விசில் என்னிடம் இருந்தது. கடைசியாக அவன் பாடிப் போனபோது வெள்ளைத்துரை கணுக்காலைப் பிடித்துவிட்டான். நாலு பேர் மேலே விழுந்தார்கள். ஈர மண்ணில் முகம் பதிந்து, தலை ஒருபக்கமாக மடங்கிக் கிடந்தது. வலது கையால் தரையை அடித்தான். "அண்ணே, கழுத்துண்ணே" என்றான். எனக்குக் கேட்டது.

வெள்ளைத்துரையும் கத்தினான். "அண்ணே, விசில ஊதுங்கண்ணே! ஊதுங்கண்ணே!" கத்தினானே தவிர விடவில்லை. யாருமே விடவில்லை.

நான் அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் இன்னும் திருகவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் திருகிவிடும் என்று தோன்றியது. அதற்குள் தரையை அடித்த கை நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் ஐந்து எண்ணினேன். அப்புறம்தான் ஊதினேன்.

விபத்து என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். அவன் அம்மா சீனியம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள உங்களத்தான அம்புட்டு நம்புனான்" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. நடிக்கவில்லை.

வெள்ளைத்துரை மட்டும் ஒன்பது நாளாகச் சோறு தின்னவில்லை. சத்தியத்தை மீறியாவது பிடியை விட்டிருக்க வேண்டும், தான் பாவி என்று சொல்லிக்கொண்டே இருந்தான். முந்தாநாள் யாரிடமும் சொல்லாமல் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டான். அவன் மேல் குற்றமில்லை சார். பிடித்தது அவன், கொன்றது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

என்னை எத்தனை வருடம் வேண்டுமானாலும் உள்ளே வையுங்கள். அவனை மட்டும் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள், பட்டினி கிடந்து உடம்பு பாதியாகிவிட்டது. அருண்பாண்டியும் இல்லை, தை பிறக்க நாற்பது நாள்தான் இருக்கிறது, இடது கார்னருக்கு எங்களிடம் வேறு ஆள் கிடையாது.