மாதிரிப் படம்

எனக்குச் சட்டை தேய்க்கத் தெரியாது, ஐயா. கல்லூரியைப் பாதியில் விட்டவன். பன்னிரண்டு வருடமாகச் செய்தித்தாள் அலுவலகத்தில் இரவு வேலை. விடிந்து வீட்டுக்கு வந்தால் மறுநாள் சட்டை தேய்த்து மாட்டியிருக்கும். அக்கா செய்வது. தபால் நிலைய வேலையோடு இதையும் பார்த்துக்கொண்டாள். நான் நன்றி கெட்டவன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என் வேலை பக்கம் அமைப்பது. புருஷன் பெண்டாட்டியைக் கொன்றால் ஆறாம் பக்கத்தில் நாலு வரி. ஆன்லைனில் பழகியவன் கொன்றால் முதல் பக்கம், வண்ணத்தில். ஒரே கூரைக்குக் கீழே இருபது வருடம் இருந்துவிட்டுக் கொல்கிறவனைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. ஞாயிறுதோறும் முகம் தெரியாத நட்பைப் பற்றி எச்சரித்து ஒரு பத்தி எழுதச் சொன்னார்கள். எழுதினேன். நான் ஆன்லைனில் யாரையும் சந்தித்ததில்லை. நேரிலும் அதிகம் இல்லை.

அக்காதான் சந்தித்தாள். வேறு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர்.

"எட்டு மாசமா பேசுறோம்டா. ஒரு தடவைகூட என் போட்டோ கேட்டதில்ல."

"அதுதான் சந்தேகமா இருக்கு."

"கேட்டிருந்தா?"

"அது அதைவிடச் சந்தேகம்."

சிரித்தாள். "ஊரைப் பயமுறுத்தப் போய் நீயே பயந்துட்டியாடா? வெள்ளிக்கிழமை காலையில ரயில்ல வர்றார். பிடிச்சுப்போச்சுன்னா அவர் ஊருக்கே மாற்றல் கேட்டுடுவேன். நீ இப்பவே தேய்க்கப் பழகிக்கோ."

அவர் படத்தைக் காட்டினாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருக்கிறவர் மாதிரி ஒரு முகம். எனக்கும் அனுப்பு என்றேன். சந்தோஷமாக அனுப்பினாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. குற்றவாளியின் படம் கிடைக்காவிட்டால், கைபேசியைத் தடவும் விரல், ஜன்னலோரம் ஒரு நிழல் என்று எதையாவது போட்டு, மூலையில் பொடி எழுத்தில் 'மாதிரிப் படம்' என்று சேர்ப்போம். வியாழக்கிழமை இரவு, மூன்று பெண்களை ஆன்லைனில் பழகிக் கொன்றுவிட்டுத் தப்பியவனைப் பற்றிய செய்தி வந்தது. படம் இல்லை. கண்ணாடிக்காரரைப் போட்டேன், அரைப் பக்கத்துக்கு. 'மாதிரிப் படம்' என்றும் போட்டேன். நீங்களே பார்க்கலாம்.

அதைப் பார்த்து அக்கா வீட்டிலேயே இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எங்கள் பத்திரிகையைப் படிப்பதே இல்லையாம். ரயில் நிலையத்தில் இருந்தவர்கள் படித்திருந்தார்கள். அவர் இறங்கியதும் அடையாளம் கண்டுகொண்டார்கள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவர் பையில் ஒரு புதுக் கண்ணாடி இருந்தது. முகவரி படிக்கக் கண் சிரமமாக இருக்கிறது என்று அக்கா எப்போதோ சொல்லியிருக்கிறாள். அவளுக்காகச் செய்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் மூலையிலிருந்த பொடி எழுத்தைப் படித்தாள். அந்தப் படம் எங்கள் இரண்டு பேரிடம் மட்டுமே இருந்தது அவளுக்குத் தெரியும். உங்களிடம் வந்து புகார் கொடுத்தாள்.

மறுநாள் முதல் பக்கத்தையும் நான்தான் அமைத்தேன். 'ஆன்லைன் தோழியைப் பார்க்கச் சென்றவர் அடித்துக் கொலை'. இப்படிச் சந்திக்கப் போனால் உயிருக்கு ஆபத்து என்று இரண்டு வருடமாக எழுதிவந்தேன். யாரும் கேட்கவில்லை.

பொய் என்று பார்த்தால் அந்த வெள்ளிக்கிழமைச் செய்தியில் ஒரே ஒரு வரிதான். ரயில் நிலையங்களில்தான் அவன் பெண்களைச் சந்திப்பான் என்று நான் சேர்த்தது. ஆமாம், எந்த ரயில் என்று தெரிந்துதான் சேர்த்தேன்.

அக்காவுக்கு என்மேல் கோபம் இல்லை. நேற்று வீட்டுக்குப் போனேன். என் ஏழு சட்டைகளையும் தேய்த்து, மடித்து, பையில் போட்டு வாசலில் வைத்திருந்தாள். கோபம் இருக்கிறவள் தேய்ப்பாளா? கதவில் புதுப் பூட்டு. என் சாவி நுழையவில்லை. தட்டினேன், திறக்கவில்லை.

கடைசியில் என் பத்தியைப் படித்துவிட்டாள், ஐயா. ஜாக்கிரதையாக இருக்கக் கற்றுக்கொண்டாள்.