முக்கால் சுற்று

எங்கள் வீட்டு சோபாவைவிட அந்த வண்டியின் பின்சீட் சுகமானது. அதனால் வண்டியின் மேல் எனக்கு ஏதோ வெறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நாலு வருஷமாக அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக் நீங்கள். இன்று டீசல் குழாயில் தளர்ந்து கிடந்த சின்னக் கிளிப்பைக் காட்டி, "மத்த கிளிப்பெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு. இது திருகு மட்டும் ஏம்மா பளபளன்னு இருக்கு?" என்று கேட்டீர்கள். கேட்டவருக்குப் பதில் சொல்வதுதான் மரியாதை.

என் கணவர் வாங்கும்போதே வண்டிக்குப் பதினெட்டு வயது. மூன்று கை மாறி வந்தது. ஒரு காலத்தில் பெரிய முதலாளிகள் வைத்திருந்த ரகம். அவர் அதை ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் வாங்கினார். அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், ஒரு பகல் முழுக்க ஓட்டினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறார். எப்போதோ இவர் அங்கே போய் இறங்கியபோது, "இன்னும் பஸ்தானாடா?" என்று அக்கா சிரித்துவிட்டாராம். அன்றிலிருந்து, "போனா சொந்த வண்டியிலதான் போய் இறங்குவேன். இல்லேன்னா போகவே மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம்.

நாத்தனார் மேலும் எனக்குக் கோபம் கிடையாது. கல்யாணமான புதிதில் ஒரு வாரம் வந்து தங்கி, என் சமையலறையை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். உப்பு டப்பாவை மேல்தட்டில் வைத்தார். நான் குள்ளம். கீழே இறக்கப் போனபோது, "அக்கா வெச்ச இடத்துலயே இருக்கட்டுமே" என்றார் கணவர். இருபத்தாறு வருஷமாக உப்புக்கு ஸ்டூல் போட்டு ஏறினேன். முழங்காலுக்கு நல்ல பயிற்சி என்று எங்கோ படித்தேன்.

இந்தத் தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். முதல் தடவை அந்தக் கிளிப் தானாகவே தளர்ந்திருந்தது. அது என் கணக்கில் சேராது. டார்ச் பிடித்தது மட்டும்தான் நான். "டீசல் வண்டிக்குக் காத்துதாம்மா எமன். குழாய்க்குள்ள கொஞ்சம் பூந்தாப் போதும், காலையில ஸ்டார்ட் ஆகாது. வெளிய ஒரு சொட்டுகூட ஒழுகாது" என்றீர்கள். இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு.

பயணத்துக்கு முந்தைய சாயங்காலம் அவர் பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். நான் செடிக்குத் தண்ணீர் விடப் போய், பானெட்டைத் திறந்து முக்கால் சுற்று தளர்த்துவேன். முழுச் சுற்று விட்டால் ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும். காலையில் வண்டி இருமும், கிளம்பாது. அவர் உங்களைக் கூப்பிட உள்ளே போய் போனைத் தேடுவதற்குள் முக்கால் சுற்று இறுக்கிவிடுவேன். நீங்கள் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். ராத்திரி உள்ளே புகுந்த காற்றால் வண்டி மட்டும் ஓடாது.

மீதியை அவரே பார்த்துக்கொண்டார். பெரிய வண்டிக்குப் பெரிய வியாதிதான் வரும் என்பது அவர் நம்பிக்கை. "காத்துதான் சார், எடுத்துவிட்டாப் போதும்" என்று நீங்கள் சொன்னால் முகம் சுருங்கிவிடும். ஒரு முறை பம்ப்பை மாற்றச் சொன்னார், அடுத்த முறை இன்ஜெக்டர், அப்புறம் டர்போ. ஒவ்வொன்றும் வந்து சேர ஒரு மாதம். அந்த நாட்களில் அவர் கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் சிரிப்பு. உங்களைத்தான் தெரு முழுக்கக் கத்துக்குட்டி என்று சொல்லிவிட்டார். எனக்கு வருத்தம்தான். அதனால்தான் உங்கள் டீயில் எப்போதும் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டேன்.

போன வருஷம் நாத்தனாருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. மருந்துக்குக் கட்டுப்படாத வகையாம். வாரம் தவறாமல் போன் வரும். "பார்வை இருக்கும்போதே ஒருதடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போடா. உன் வண்டியையும் பாக்கணும்."

"அடுத்த வாரம் வந்துடறேங்க்கா" என்பார் இவர். அப்படி நாலு அடுத்த வாரங்கள் வந்தன. நாலு தடவையும் பெட்டி டிக்கியில் ஏறியது. நாலு தடவையும் நான் செடிக்குத் தண்ணீர் விட்டேன்.

அவ்வளவு தூரம், அவ்வளவு பழைய வண்டி. வழியில் பிரேக் பிடிக்காமல் போனால்? அவர் உயிர் எனக்கு முக்கியம். அதுவும் தவிர, தேடிப் பிடித்துப் பார்க்கும்படி இவர் முகத்தில் என்ன இருக்கிறது? நான் தினமும் பார்க்கிறேனே.

போன மாதம் நாத்தனார் கடைசியாகப் போனில் பேசினார். "இனிமே அவசரமில்லடா. எல்லாம் இருட்டாயிடுச்சு. குரல் கேக்க போனே போதும்."

இவர் போனை வைத்துவிட்டுப் போய் வண்டிக்குள் உட்கார்ந்தார். நான் கிளிப்பைத் தொடுவதை விட்டுவிட்டேன். வண்டி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கிளப்பவில்லை. தினமும் காலையில் போய் ஸ்டியரிங்கில் கை வைத்து உட்காருவார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். "அக்காவ ஒருதடவ பாத்துட்டு வாங்களேன்" என்றேன். "நான் மட்டும் பாத்து என்ன ஆவப்போவுது?" என்றார்.

உப்பு டப்பாவைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் நேற்றுச் சாயங்காலம் மறுபடி முக்கால் சுற்று தளர்த்தினேன். "பேட்டரி செத்துடும், ஒருதடவ ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று காலையில் நானே சொன்னேன். வண்டி இருமியது. அவர் இறங்கினார், சட்டைக்கையை மடித்தார், "இது பெரிய கோளாறாத்தான் இருக்கும்" என்றார். ஒரு மாதம் கழித்து அந்தக் குரல். அதைக் கேட்டுக்கொண்டே நின்றதில் இறுக்க மறந்துவிட்டேன். அப்படித்தான் உங்களிடம் மாட்டினேன்.

அவரிடம் கிளிப் என்று சொல்லிவிடாதீர்கள். கியர்பாக்ஸ் என்று சொல்லுங்கள். அது வர மூன்று மாதம் ஆகுமாமே. நான் கொடுமைக்காரியாக இருந்தால் அவரை அப்படியே உட்கார விட்டிருப்பேன்.