தண்ணீர் வந்த பக்கம்

"படுங்க! வரம்போட படுங்க!"

படுக்கிறேன். மகளைக் கீழே போட்டு நான் மேலே படுக்கிறேன். வயலில் கணுக்கால் அளவு தண்ணீர். கதிர் பால் பிடித்து நிற்கிறது. தூரத்தில் 'டும்' என்று ஒன்று. பீரங்கியில் செல் குத்துகிற சத்தம் அது. பிறகு நாலைந்து மூச்சுக்கு ஒன்றுமே இல்லை. பிறகு தலைக்கு மேலே சீலை கிழிக்கிற சத்தம். கிழித்துக்கொண்டே போனால் அது வேறு யாருக்கோ. நடுவில் நின்றால் நமக்கு.

நின்றது.

வாய்க்குள் சேறு. காதுக்குள் வண்டு. கண்ணைத் திறக்கிறேன். படுக்கச் சொல்லிக் கத்தியவர் என் கணவர் தவராசா. எங்களைப் படுக்கச் சொன்னவர் தான் படுக்கவில்லை. வரம்புக்குக் குறுக்கே கிடந்தார். இடுப்புக்குக் கீழே பார்க்கக் கூடாது என்று உடனே தெரிந்தது. பார்த்தேன். பார்த்ததை எழுத மாட்டேன். அது எனக்கும் அவருக்கும் உள்ளது.

"அம்மா, இஞ்ச எரியுது" என்றாள் கோகிலா.

வலப்பக்கம், விலாவுக்குக் கீழே. ஒரு சின்ன ஓட்டை. சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. இரத்தமும் பெரிதாக இல்லை. அதனால் பிழைத்துவிடுவாள் என்று நம்பினேன்.

"ஓடு புள்ள! ஆத்துக்கு ஓடு!"

இது பொன்னுத்துரை. எங்கள் வட்டவிதானை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்று முடிவு செய்கிற ஆள். ஆறு என்று அவர் சொன்னது வாவியை. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தவராசாவை வரம்பில் விட்டுவிட்டு ஓடினேன். மூடுவதற்கு ஒரு சாரம்கூட இல்லை.

எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்று நாங்கள் ஏன் அங்கே நின்றோம் என்பது யாருக்கும் விளங்காது.

நொச்சியடி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். வவுணதீவைத் தாண்டி இன்னும் உள்ளே. மேட்டில் முப்பது வீடு. சுற்றிவர வட்டை, அதாவது ஒன்றாகக் கிடக்கிற வயல்வெளி. வட்டைக்குத் தண்ணீர் வடக்கே உள்ள குளத்திலிருந்து வாய்க்காலில் வரும். பாதை தெற்கே போகும். ஒரு மழை பெய்தால் அந்தப் பாதையும் போய்விடும். எங்கள் பூமிசாஸ்திரம் இவ்வளவுதான். தண்ணீர் வடக்கு, பாதை தெற்கு.

வெள்ளைக்காரன் காலத்தில் நாங்கள் வடக்குப் பற்று, அதாவது வடக்குப் பிரிவு. ஒரு வன்னியனார் குதிரையில் வந்து வரி வாங்கிப் போனாராம். வன்னியனார் போய் டிஆர்ஓ என்ற அதிகாரி வந்தார். டிஆர்ஓ போய் ஏஜிஏ வந்தார். ஏஜிஏ போய்ப் பிரதேச செயலாளர் வந்தார். ஊரில் விதானையார் போய்க் கிராம சேவகர் வந்தார். பெயர்ப்பலகை மாறியது. உட்காருகிற கதிரை மாறியது. எங்களுக்கு ஒன்றும் மாறவில்லை. வாய்க்கால் வடக்கிலிருந்துதான் வந்தது. விதைப்புக் கூட்டம் வடக்கேதான் நடந்தது. அந்தக் கூட்டத்தில் பொன்னுத்துரை முன் வரிசையில் இருப்பார். எந்தப் பிரிவு என்று யாராவது கேட்டால் அவர் ஒன்றைத்தான் சொல்வார்.

"தண்ணி எங்கால வருகுதோ, நாங்க அங்கத்தை ஆக்கள்."

அவர் மட்டும் இல்லை. ஊரே அப்படித்தான் நினைத்தது. நெல் விளைவிக்கிறவன் வேறு எப்படி நினைப்பான்?

சண்டை உச்சத்தில் இருந்த காலத்தில் எல்லையைத் திருத்தினார்கள். வாவிக்கு அந்தப் பக்கம், அரசாங்கக் கந்தோரில் மின்காற்றாடிக்குக் கீழே இருந்து திருத்தினார்கள். ஜீப் தெற்குப் பாதையால் மட்டும்தான் வரும். அதனால் நொச்சியடி தெற்குப் பிரிவுக்குப் போனது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வருவதற்கு அந்த ஜீப்பும் வரவில்லை. கூப்பன் விஷயம் எல்லாம் பழைய வடக்குக் கிராம சேவகரே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைத் தெரிந்த மனிதர். பிறகு அவரும் மாற்றலாகிப் போனார்.

அந்தக் கந்தோர்களின் உண்மையான பெயர்களை நான் எழுதவில்லை. அங்கே இப்போது இருப்பவர்கள் வேறு ஆட்கள். வடக்கு, தெற்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வானொலியில் அறிவித்தல் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம். மீன் கழுவிக்கொண்டிருந்தேன். தெற்குப் பிரிவின் பெயரைச் சொன்னார்கள். கிராமங்களுக்குப் பெயர் சொல்லவில்லை, இலக்கம் சொன்னார்கள். அந்த மக்கள் எல்லோரும் உடனே வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்துவிட வேண்டும். நிற்கிறவர்களின் உயிருக்குப் பொறுப்பில்லை. இரண்டு தரம் வாசித்தார்கள். இரண்டாம் தரம் வாசிக்கும்போது வானொலி 'கர்' என்று இழுத்தது.

பொன்னுத்துரை எங்கள் வாசலில்தான் இருந்தார். தவராசாவும் அவரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அது தெக்குக்கு. நமக்கில்ல" என்றார்.

கோகிலா நாலாம் வகுப்பு. சுற்றாடல் பாடத்தில் பிரிவுகளைப் படிப்பித்திருந்தார்கள். புது வரைபடம் எப்படியோ அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வந்திருந்தது.

"இல்ல மாமா. நாங்க தெக்குத்தான். ரீச்சர் கரும்பலகையில கீறிக் காட்டினவ. நம்மட வாய்க்காலோட கோடு போகுது" என்றாள்.

பொன்னுத்துரைக்குச் சிரிப்பு வந்தது. "ரீச்சர் வந்து தண்ணி திறந்து விடுவாவா?" என்றார். தவராசாவும் சிரித்தார். "என்ர மகள் ஏஜிஏயா வரப்போறாள்" என்று அவளுடைய காதைப் பிடித்து ஆட்டினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மூட்டை கட்டினேன். அரிசி, இரண்டு சட்டை, பிள்ளையின் கொப்பிகள். தவராசா அவிழ்த்தார். "கதிர் பால் பிடிச்சு நிற்குது. இப்ப விட்டிட்டுப் போனால் பன்றியும் கிளியும்தான் வெட்டும். விசரி மாதிரி அலையாத" என்றார். அன்பாகத்தான் சொன்னார். திரும்பக் கட்டினேன். திரும்ப அவிழ்த்தார். தெற்கே இருந்த ஊர்க்காரர்கள் எல்லாம் திங்கட்கிழமை எங்கள் பாதையால் தோணித்துறைக்குப் போனார்கள். மாட்டு வண்டில், சைக்கிள், தலையில் பாய். நாங்கள் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தோம். பாவம் என்றோம்.

செவ்வாய் காலையில் செல் வந்தது.

ஆமிக்காரர்கள் வரைபடத்தைப் பார்த்து அடித்தார்கள். வரைபடத்தில் நாங்கள் தெற்கு. அறிவித்தல் கொடுத்தாயிற்று, சனம் போய்விட்டது, நிற்பது இயக்கம்தான் என்று கணக்கு. இயக்கம் அதற்கு முதல்நாளே காட்டுக்குள் போயிருந்தது. நின்றது நாங்கள். ஊர் நடுவிலே ஒன்று, வைக்கோல் பட்டறையில் ஒன்று, வட்டையில் எத்தனை என்று நான் எண்ணவில்லை.

தோணியில் கடக்கிறோம். நீரில் சூரியன் அடிக்கிறது. கோகிலா என் மடியில். ஓட்டையில் என் சீலைத் தலைப்பை அடைத்து வைத்திருக்கிறேன். வயிறு மெல்ல மெல்ல இறுகுகிறது. தொட்டால் பலகை.

"அப்பா எங்க?" என்றாள்.

"பின்னால வாறார்" என்றேன்.

பொன்னுத்துரை தோணியின் முன்பக்கம், அணியத்தில் இருந்தார். திரும்பிப் பார்க்கவே இல்லை. அவருடைய மனைவி குசினி அடுப்படியிலேயே செல் பட்டு முடிந்திருந்தார். அதை அவர் அப்போது சொல்லவில்லை.

அக்கரையில் ஒரு பள்ளிக்கூடம். முற்றம் முழுக்கச் சனம். வாகை மரத்துக்குக் கீழே வரிசையாக மேசைகள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மேசை. வாசலில் ஆமிக் காவல், சென்றி. அதற்கு அங்கால ஒரு வான் வண்டி நின்றது, காயக்காரரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்ற. வானைக் கண்ணால் பார்க்கிறேன். கதவு திறந்து கிடக்கிறது. சென்றியில் நின்றவன் கையை நீட்டினான். கடிதம். கிராம சேவகரின் கடிதம் இல்லாமல் யாரும் பட்டணத்துக்குப் போக முடியாது. யார் எவரென்று உறுதிப்படுத்த வேண்டுமாம். பிள்ளையைக் காட்டினேன். பார்த்தான். கையை மடக்கவில்லை.

வடக்கு மேசைக்குப் போனோம். கிராம சேவகர் புதியவர், கண்ணாடி போட்ட ஆள். விரலால் தேடினார். மேலிருந்து கீழ். கீழிருந்து மேல்.

"நொச்சியடி என்ர பிரிவில இல்லையே" என்றார்.

பொன்னுத்துரை மேசையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, நாங்க உங்கட ஆக்கள். விதைப்புக் கூட்டத்தில ஒவ்வொரு வருசமும் முன்னுக்கு இருக்கிறவன் நான். எங்கட தண்ணி உங்கட குளத்துத் தண்ணி."

"தண்ணிக்கு நான் கையெழுத்து வைக்கிறதில்ல" என்றார் அவர்.

தெற்கு மேசைக்குப் போனோம். மேசை இருந்தது. கதிரை இருந்தது. ஆள் இல்லை. தெற்குச் சனம் முதல்நாளே வந்து பதிந்து, வேறு முகாமுக்குப் போய்விட்டது. கிராம சேவகரும் அவர்களோடு பஸ்ஸில் போய்விட்டார். திரும்ப வருவாரா என்று கேட்டேன். தெரியாது என்றார்கள்.

வடக்கு மேசை. தெற்கு மேசை. திரும்ப வடக்கு மேசை. இருபது முப்பது அடி இருக்கும் இடையில். அந்த மண்ணில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எத்தனை தரம் நடந்தேன். வெயில் உச்சிக்கு வந்தது. கோகிலாவின் உதடு வெள்ளை. தண்ணீர் கேட்டாள். வயிற்றுக் காயத்துக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று யாரோ ஒரு பெண் தடுத்தாள். நானும் கொடுக்கவில்லை. அந்தப் பெண் நல்லதுக்குத்தான் சொன்னாள். தவித்த வாயோடு போனாள்.

கடைசி முறை வடக்கு மேசைக்கு வந்தபோது அவளே பேசினாள். கண்ணாடிக்காரரைப் பார்த்து, வகுப்பில் பாடம் ஒப்புவிக்கிற குரலில் சொன்னாள்.

"நாங்க தெற்குப் பிரிவு, சேர். வடக்கே வாய்க்கால் எல்லை."

சேர் அவளைப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்தார். பிரிவு என்ற இடத்தை வெறுமையாக விட்டுக் கடிதம் எழுதினார். முத்திரை குத்தினார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. 'டொக்'. கடிதத்தை வாங்கிக்கொண்டு வாசலுக்குத் திரும்பினேன். தோளில் அவளுடைய தலை ஆடிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. சென்றியில் நின்றவன் கடிதத்தை வாசித்தான். போகலாம் என்றான்.

அவளைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புதைத்தோம். பொன்னுத்துரை குழி வெட்டினார். வாய்க்கால் வெட்டுகிற மண்வெட்டிக் கை. நேராக, சுத்தமாக வெட்டினார். நான் அவரோடு பேசவில்லை. பிறகு பல வருடம் பேசவில்லை. அவருக்கும் பெண்சாதி செத்தாள், அவரும் பாவம் என்று ஊர் சொல்லும். பாவம்தான். நான் மன்னிக்கவில்லை.

ஊருக்குத் திரும்ப விட்டபோது தவராசாவைத் தேடினேன். வரம்பு இருந்தது. எலும்பை மாடு மிதித்திருந்தது. சாரத்தின் கரையை வைத்துத்தான் அவர் என்று முடிவு செய்தேன்.

இப்போது எங்கள் பாதைக்குக் கொங்கிறீட் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வந்தாறுமூலைக் கம்பசுக்குப் போகிறார்கள். செங்கலடிச் சந்தைக்குக் கத்தரிக்காய் போகிறது. அண்மையில் எல்லையைத் திரும்பவும் திருத்தினார்கள். குளமும் அதன் வாய்க்காலும் ஒரே நிர்வாகத்துக்குள் இருக்க வேண்டுமாம். தண்ணீர் எங்கே இருந்து வருகிறதோ அந்தப் பிரிவு. நொச்சியடி திரும்ப வடக்கு.

அதைச் சொல்லிக் காட்டவேண்டும் என்றே பொன்னுத்துரை வீட்டுக்குப் போனேன். பாயில் கிடந்தார். ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது.

"உங்கட தண்ணி வென்றிட்டுது வட்டவிதானையார். இப்ப நாங்க வடக்கு" என்றேன்.

"ஓம் புள்ள" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போன மாதம் வடக்குக் கந்தோரிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். சின்னப் பெண், மரியாதையானவள். பிரிவின் வரலாறும் வளங்களும் புத்தகமாகப் போடுகிறார்களாம். எல்லை கேட்டாள். மண் கேட்டாள். குளம், வாய்க்கால், கோயில், பழைய வன்னியனார் கதை எல்லாம் கேட்டாள். சொன்னேன். போர் இழப்பு என்று ஒரு பகுதி இருந்தது. அதையும் சொல்லத் தொடங்கினேன். பேனை நின்றது.

"அம்மா, குறை நினைக்காதீங்க. அந்த நேரம் இந்த ஊர் எங்கட பிரிவில இல்லையே. அப்பத்தை இழப்பெல்லாம் தெற்குத்தான் போடவேணும்."

தெற்குக் கந்தோருக்குப் போனேன். இரண்டு பஸ் மாறிப் போனேன். அங்கே இருந்த தம்பி கணினியில் தேடினான். முகம் சுருங்கியது.

"இப்ப இந்த ஊர் எங்களிட்ட இல்லை அம்மா. எங்கட புத்தகத்தில ஊரே வராது."

வடக்கிலே அவர்கள் சாகவில்லை. தெற்கிலே அவர்கள் இருக்கவேயில்லை. சண்டை போடத்தான் நினைத்தேன். அவனுடைய வயதுக்குத்தான் என் மகள் இருந்திருப்பாள். எழும்பி வந்துவிட்டேன்.

அதனால் நான் எழுதுகிறேன். எனக்குக் கந்தோர் இல்லை. முத்திரை இல்லை. நீங்கள் வாசிக்கிறீர்கள், அது போதும்.

நொச்சியடி. கிழக்கே வாவி. மேற்கே காடு. தெற்கே பாதை. வடக்கே வாய்க்கால். மண் களி. விளைவது நெல். இழந்தவை: வெட்டாமல் விட்ட ஒரு போகம். முப்பது வீட்டில் பத்தொன்பது. கட்டை அவிழ்க்க நேரமில்லாமல் கட்டியபடியே செத்த மாடுகள், அவற்றை யாரும் எண்ணவில்லை. இறந்தவர்கள் பதினோரு பேர். வைக்கோல் பட்டறைக்குப் பக்கத்தில் ஆறு பேர், ஒரே குடும்பம். கைக்குழந்தையோடு ஒரு தாய், இரண்டு பேர். பொன்னுத்துரையின் மனைவி தங்கம்மா, குசினியில். கந்தையா மகன் தவராசா, வரம்பில். என் மகள் கோகிலா, இரண்டு மேசைகளுக்கு நடுவில், வயது ஒன்பது. தன் ஊர் எந்தப் பிரிவு என்று அன்று சரியாகச் சொன்ன ஒரே ஆள்.