டாக்டர் மருதப்பன் அறையில் மாலை வைத்தவர்களுக்கு

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அப்துல் கையூம் அவர்களே, வேதியியல் துறைத் தலைவர் சேதுபதி அவர்களே, சிராங்கூன் சாலைக் கடைகளைப் பாதி அடைத்துவிட்டு வந்திருக்கும் பெருமக்களே! இது இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ஐம்பத்தெட்டாம் வருஷத்தில், என் வாளிக்கடை வாசலில் நின்று சொன்னேன். 'இந்த மனிதன் உயிரோடு இருக்கும்போது எட்டிப் பார்க்க மாட்டீர்கள், போன பிறகு மாலையோடு வந்து கெடுப்பீர்கள்' என்றேன். கேட்டவர்கள் இங்கேதான் இருக்கிறீர்கள். ஏன் தலையைக் குனிகிறீர்கள்?

டாக்டர் மருதப்பன் என் அக்காள் மகன். பல்கலைக்கழக விரிவுரையாளர். அவர் செய்தது என்ன? கண்ணுக்குத் தெரியாத வாயுவைப் பூத்தொடுப்பதுபோல் ஒன்றோடொன்று தொடுத்துப் பிளாஸ்டிக் ஆக்கும் பொடி! வினையூக்கி என்பார். ஜெர்மனியிலிருந்து மூன்று பேராசிரியர்கள் கப்பலேறி வந்து அவர் காலில் விழப்போனார்கள். நான்தான் தூக்கி நிறுத்தினேன்!

நான் படித்தது நாலாம் வகுப்பு. ஆனாலும் அந்தப் பொடியை எனக்குத் தெரியும். ஈரம் பட்டால் செத்துப்போகும். இந்தச் சிங்கப்பூரில் காற்றே ஈரம்! அதற்காகத்தான் அந்த ஓர் அறையைக் குளிர்வித்து, கதவிடுக்கில் ரப்பர் ஒட்டி, காய வைத்திருந்தார். நான் போனால் என்ன சொல்வார்? "மாமா, வேர்வையோட உள்ள வராதீங்க லா! கதவைச் சாத்துங்க முதல்ல!" தாய்மாமனையே வெளியே நிறுத்தியவர்!

அந்த அறையில் போன வாரம் என்ன நடந்தது? துறையில் அவருக்கு அஞ்சலி. கூடை கூடையாகத் தண்ணீர் தெளித்த மாலைகள். வாடாமல் இருக்கக் குளிர்ந்த இடம் வேண்டுமாம். திறந்தார்கள் அவர் அறையை! அடுக்கினார்கள் ஈர மாலைகளை! தட்டில் பரப்பியிருந்த பொடி கட்டிதட்டிப் போனது. அவருடைய ஆராய்ச்சி மாணவி லீலா என் கடைக்கு ஓடி வந்தாள். "சார் செஞ்ச கடைசிப் பொடி, அங்கிள். செத்துப்போச்சு."

ஒரு மனிதனை இரண்டு முறை சாகடிக்க முடியுமா? முடியும்! மாலை போட்டே முடியும்!

மறுபடி செய்யலாம் என்கிறாள் லீலா. முறை அவளுக்குத் தெரியும். அறைதான் வேண்டும். துறை என்ன சொல்கிறது? அங்கே நாற்காலி அடுக்கப் போகிறார்களாம். நாற்காலி!

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் மருதப்பன் கடைசியாகச் சொன்னது என்ன? "மாமா, அறைச் சாவிய லீலாகிட்டதான் கொடுக்கணும்." இறந்தவர் வாக்கை மீறுவீர்களா சேதுபதி ஐயா? சபை நடுவே சொல்லுங்கள்!

தலையாட்டிவிட்டார். சாவி பையிலேயே இருக்கிறதா? எடுங்கள். லீலா, எழுந்து வாம்மா. வாங்கிக்கொள்.

பெருமக்களே, அவர் வேலை நிற்காது. இனி அந்த அறைக்குள் ஒரு பூ நுழைய வேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தான் நுழைய வேண்டும். வாசலில் நான் நிற்பேன். வேர்வையோடு, வெளியேதான் நிற்பேன்.

ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன். ஆஸ்பத்திரியில் அவர் சாவியைப் பற்றிப் பேசவே இல்லை. அது நான் சேர்த்தது. மழை பெய்துகொண்டிருந்தது. "கதவைச் சாத்துங்க மாமா, ஈரம் வருது" என்றார். அவ்வளவுதான்.

சேதுபதி ஐயா, கையை நீட்டாதீர்கள். கொடுத்தது கொடுத்ததுதான்!