மேல்வரிசை ஏழு, கீழ்வரிசை ஏழு

உங்கள் அறையில் டியூப்லைட் துடிக்கிறது. ஸ்டார்ட்டரை மாற்றச் சொல்லுங்கள். இந்த வெளிச்சத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் கண் கெட்டுப்போகும். ஏற்கெனவே கெட்டுவிட்டது போலிருக்கிறது; என் படத்தை மேசைமேல் தலைகீழாக விரித்து வைத்திருக்கிறீர்கள்.

பரவாயில்லை. படம் பார்க்கத் தெரிந்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. பழைய சுங்க மாளிகைக்கு முன்னால் குடும்பத்தை வரிசையாக நிறுத்தி, கைபேசியைத் தூக்கிப் பிடித்து, ஒரே அமுக்கில் வேலையை முடித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். இருநூறு வருடக் கட்டடம் அவர்கள் வீட்டுப் பிள்ளையின் தலைக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும்.

நான் பதினான்கு படங்கள் எடுப்பேன். மேல்வரிசையில் இடமிருந்து வலமாக ஏழு. கீழ்வரிசையில் வலமிருந்து இடமாக ஏழு. அதில் மாளிகைக்கு முன்னாலிருக்கும் தடாகமும் அதன் தண்ணீரில் தெரியும் கட்டடமும் வரும். ஒவ்வொரு படமும் பக்கத்துப் படத்தின் மேல் பாதி ஏறியிருக்கும். பிறகு கணினியில் அவற்றைத் தையல் தெரியாமல் ஒட்டுவேன். ஒரு படத்துக்கு லென்ஸ் அரை நிமிடம் திறந்திருக்கும். அதைச் சேமித்துக்கொள்ள கேமராவுக்கு இன்னொரு அரை நிமிடம். மொத்தம் பதினான்கு நிமிடம். அதற்குள் எதுவும் மாறக்கூடாது. மாறாமல் இருக்கக் கட்டடத்துக்குத் தெரியும், மனிதர்களுக்குத் தெரியாது. விடாமல் நடந்துகொண்டே இருப்பவன் படத்தில் விழமாட்டான், கரைந்துபோவான். நின்று நின்று நகர்கிறவன்தான் அழுக்கு மாதிரி படிவான்.

எனக்கு மூன்று இரவுகளுக்கு அனுமதி தந்திருந்தார்கள். முதல் இரண்டையும் காவலாளி கெடுத்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அங்கே எல்லாரும் 'டார்ச்' என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் அவ்வளவு பெரிய டார்ச். கால்மணிக்கொரு தடவை அதை ஆட்டிக்கொண்டு இரண்டாவது மாடி வராந்தாவில் போவார். என் படம் முழுக்க வெள்ளைக் கோடு.

"கொஞ்ச நேரம் மேல போகாம இருக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"கால்மணிக்கொரு தடவை மேல தூணுல இருக்குற காவல் பெட்டியில சாவியத் திருப்பியாகணும்மா. இல்லைன்னா தூங்கிட்டேன்னு எழுதிடுவாங்க. தூங்குறவனுக்கு இவ்வளவு பெரிய டார்ச் எதுக்கும்மா?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

"அப்ப டார்ச் இல்லாம போங்க. வராந்தா லைட்டையும் அணைச்சிடுங்க."

"ராத்திரியில எனக்குக் கண்ணு பத்தாதும்மா. டம்ளரைக் கையில வச்சுக்கிட்டே டம்ளரைத் தேடுற ஆளுன்னு வீட்டுல கிண்டல் பண்ணுவா."

"இருபது வருஷமா நடக்குற இடம்தானே. கைப்பிடிச் சுவரைத் தடவிக்கிட்டே போக மாட்டீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "சரிம்மா, உங்களுக்காக. நாளைக்கு அப்படியே போறேன். ஆனா எனக்கும் ஒரு படம் குடுக்கணும். வீட்டுல மாட்டணும்."

தருகிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் பகலில் பழுதுபார்க்கிறவர்கள் வந்து, இரண்டாவது மாடியில் நான்கு முழ நீளத்துக்குக் கைப்பிடிச் சுவரைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். சாவிப்பெட்டி இருக்கும் வெளித்தூணை ஒட்டின இடம். அங்கே ஒரு பிளாஸ்டிக் கயிற்றைக் குறுக்கே கட்டிவிட்டுப் போனார்கள். நல்ல நீலம். அப்படிப்பட்ட கல்லுக்கு நடுவே நீலக் கயிற்றைக் கட்ட எப்படித்தான் கை வந்ததோ. இடைவெளி எனக்கு உறுத்தவில்லை, பழமைக்கு அது பொருந்தும். கயிறு காற்றில் ஆடும், படத்தில் தீற்றலாக விழும். மாலையில் மேலே போய் அவிழ்த்துவிட்டேன். அது இன்னும் என் கேமரா பையில்தான் இருக்கிறது. உங்கள் போலீஸ்காரர்கள் பையை இரண்டு தடவை கொட்டிப் பார்த்தார்கள். கயிறு பையோடு சேர்ந்தது என்று நினைத்துத் திரும்ப வைத்துவிட்டார்கள்.

பகல் ஆட்கள் இரவுக் காவலாளியிடம் எதையும் சொல்லிவிட்டுப் போவதில்லை. கயிறுதான் சொல்ல வேண்டும்.

அன்று இரவு அவர் சொன்னபடியே விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தடாகக் கரையில் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். தரைவிளக்குகள் கட்டடத்தின் முகத்தை மட்டும் காட்டின. வேண்டியதும் அதுதான். நாலாவது படம் தொடங்கும்போது மேலே ஒரு சத்தம். பிறகு "அம்மா" என்று குரல். என்னைக் கூப்பிட்டாரா, வலி வந்தால் எல்லாரும் கூப்பிடுகிற அம்மாவைக் கூப்பிட்டாரா, தெரியவில்லை. இரண்டாவது மாடிக்குக் கொஞ்சம் கீழே, கல் விளிம்பின் மேல் விழுந்து, மழைத்தண்ணீர்க் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

வேலையாட்களின் ஏணி எனக்குப் பத்தடி தள்ளிக் கிடந்தது. கேமரா தானாகத் திரும்பாது. ஒவ்வொரு படத்துக்கும் நான்தான் திருப்ப வேண்டும். இன்னும் பத்துப் படங்கள் பாக்கி. அனுமதி அந்த இரவோடு முடிந்துவிடும்.

பன்னிரண்டாவது எடுக்கும்போது குரல் நின்றது. பதினான்கையும் முடித்துவிட்டுத்தான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அவர்கள் வந்தபோது அவர் இறந்திருந்தார். எதுவும் கேட்கவில்லை என்று அப்போது சொன்னேன். அதை இப்போது திருத்திக்கொள்ளலாம்.

படத்திலிருந்து அவரை நீக்குவது சுலபமாக இருந்தது. மூன்றாவது படத்தின் பாதி நாலாவதன் மேல் ஏறுகிறது அல்லவா. மூன்றாவதில் அவர் இன்னும் விழவில்லை, அந்த விளிம்பு சுத்தமாக இருந்தது. கீழ்வரிசைத் தண்ணீரை நான் பார்க்கவில்லை. தண்ணீரை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

பன்னிரண்டடி நீளத்துக்கு அச்சிட்டு மாளிகையின் முன்கூடத்திலேயே மாட்டினார்கள். பெரிய மனிதர்கள் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அற்புதம் என்றார்கள். ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. காவலாளியின் மனைவிக்கு இரக்கப்பட்டு அங்கேயே தரை துடைக்கிற வேலை கொடுத்திருந்தார்கள். அவள் துடைத்த ஈரத் தரையில் என் படத்தின் பிம்பம் கவிழ்ந்து விழுந்திருக்கிறது. தடாகத்தில் தலைகீழாக இருந்தவர் தரையில் நேராகத் தெரிந்திருக்கிறார். துடைக்கிற துணியைப் போட்டுவிட்டு, "இது எங்க வீட்டுக்காரர்" என்றாளாம். "இந்தச் சட்டைக்கு நான்தான் பட்டன் தச்சேன்."

இப்போதுதான் புரிகிறது. நீங்கள் படத்தைத் தவறாக விரித்து வைக்கவில்லை.

மேல்வரிசையில் நாலாவது படம், அதற்கு நேர் கீழே கீழ்வரிசையில் பதினொன்றாவது. இடையில் ஏழு நிமிடம். ஏழு நிமிடம் அவர் உயிரோடு இருந்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைத்தான் நான் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள். ஆமாம், பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றை அவிழ்க்கும்போதே அவர் அந்தப் பக்கம்தான் வருவார் என்று தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவரை நான் மதிக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். கேட்ட படத்தைக் கொடுத்தேன். வீட்டில் மாட்டுவதைவிட நல்ல இடத்தில் மாட்டியிருக்கிறது. நாலாவது படத்தில் கையைக் காலை உதறி, வெறும் தீற்றலாக இருந்தார், அதனால்தான் நீக்கினேன். பதினொன்றாவதைப் பாருங்கள். பட்டன்கூடத் தெரிகிறது. அரை நிமிடம் முழுக்க, துளியும் அசையாமல், முகத்தை என் பக்கம் திருப்பிக் காத்திருந்திருக்கிறார். நான் படத்தை முடிக்க வேண்டும் என்று அவரும் விரும்பினார்.