தாய் போட்டுது

"தாய் போட்டுது! வெளியிலை வாங்கோ!"

தாய் போய்விட்டது என்று கத்துவது சிவநேசன். என் கணவரின் தம்பி. யாழ்ப்பாணம், தொண்ணூறாம் ஆண்டு. வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதே கால். மண்ணுக்குள் வெட்டிய பங்கருக்குள் பதினொரு பேர். பெரிய விமானத்தின் உறுமல் தெற்கே தேய்கிறது. பிறகு அதுவும் இல்லை.

அந்தப் பெரியதைத் தாய் என்போம். கூட வரும் சின்னது குட்டி. பெயர் வைத்தவன் சிவநேசன். ஏதோ ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு படம் பார்த்திருந்தான். பெரிய விமானத்தின் வயிற்றில் சின்ன விமானம் தொங்கும் படம். வானத்தில் வைத்துத் தாய் குட்டியை இறக்கிவிடும், வேலை முடியக் கொழுவிக்கொண்டு போகும் என்றான். தாய் போனால் குட்டியும் போய்விட்டதாம். எல்லாம் தெரிந்த பெரிய விண்ணன். ஊரே நம்பியது. நானும் நம்பினேன்.

சிவநேசன் வாசலோரம் ஒதுங்கி எல்லோருக்கும் வழி விடுகிறான். மரியாதை என்று நினைத்தேன். என் கணவர் முதலில் ஏறுகிறார். கையில் மகள் கலா. ஏழு வயது. தண்ணீர் கேட்டு அழுதுகொண்டிருந்தாள். நான் அவள் செருப்பைத் தேடிக் குனிகிறேன்.

கீச்சென்று ஒரு சத்தம். மேலிருந்து. குட்டி போகவில்லை.

"படுங்கோ!" என் கணவரின் குரல். பிறகு இரண்டு இடி. வாய்க்குள் மண் வந்தது.

ஏழு வருடம் போய்விட்டது. இப்போது கடல்கடந்து பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோ பகுதியில், கிழவர் ஒருவரைப் பராமரிக்கிறேன். இந்நாட்டு விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். போன மாதம் அவருடைய அலுமாரியைத் துடைத்தபோது ஒரு புத்தகம் விழுந்து விரிந்தது. சிவநேசன் சொன்ன அதே படம். கிழவரிடம் நீட்டி, இது என்னவென்று கேட்டேன். கிழவர் ஆசையாக விளக்கினார். பரிசோதனைக்குச் செய்ததாம். தாயின் அடியில் காற்றுக் குழம்புமாம். குட்டி கொக்கியைப் பிடிக்க முடியாமல் தனியே தரையிறங்குமாம். அதோடு கைவிட்டார்களாம். உங்கள் நாட்டில் இப்படி ஒன்று இருந்ததேயில்லை என்றார். அங்கே வந்தவை தனித்தனி விமானங்கள். தனித்தனியே வரும், தனித்தனியே போகும்.

ஞாயிற்றுக்கிழமை இதே நகரின் அல்பெர்கேரியா பகுதிக்குப் போனேன். சிவநேசன் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான். படத்தின் கீழே என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன்.

"எழுத்து வாசிக்கேல்லை மச்சாள். படத்தைத்தான் பாத்தனான்."

"நிச்சயமில்லாமல் ஏன் கத்தினனீ?"

நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எல்லாரும் என்னட்டைத்தானே கேட்டவை. தெரியாதெண்டு சொல்ல வெக்கமா இருந்தது. அதுதான் நான் உடனை ஏறேல்லை. முதல் ஆக்கள் போய்ப் பாக்கட்டும் எண்டு நிண்டிட்டன்."

சொந்த அண்ணனையும் பிள்ளையையும் முன்னால் விட்டுப் பார்த்திருக்கிறான். இத்தனை வருடம் என் கையால் சோறு தின்றான். மன்னிக்க எனக்கு மனமில்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

ஏறியவர்கள் ஆறு பேர். என் கணவர். கலா. பக்கத்து வீட்டு மனோன்மணி அக்கா. அவருடைய இரண்டு மகள்மார். தபால்கார ஐயா. ஆறு பேரும் இல்லை.

உள்ளே மிஞ்சியவர்கள் ஐந்து பேர். நாலு பேர் ஏற நேரம் கிடைக்காதவர்கள். ஒருவன் ஏறாதவன்.