பாம்புத்தாராவுக்கு ஒரு வரவேற்பு

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இந்த வருஷப் பறவைத் திருவிழாவில் பேச என்னைக் கூப்பிடவில்லை. பேச நினைத்ததை எழுதிவிட்டேன்.

ஊர்க்காரர்களே... முதலில் ஒரு குட்டிக் கதை சொல்கிறேன், கேளுங்கள். நம் கண்மாயில் நடந்ததுதான்.

பாம்புத்தாரா தெரியுமல்லவா? கழுத்து பாம்பு மாதிரி, அலகு ஊசி மாதிரி. தண்ணீருக்குள் முங்கி மீனைக் குத்தித் தூக்கும். ஆனால் வாத்து மாதிரி இல்லை. இதன் இறகு தண்ணீரில் ஊறிவிடும். ஒரு மொட்டைக் கிளையில் ஏறிச் சிறகை விரித்துக் காய வைத்தால்தான் ஒழுங்காகப் பறக்க முடியும்.

நம் ஊர் எப்பேர்ப்பட்ட ஊர்? பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாத ஊர்! அந்த ஊர்தான் போன வருஷம், திருவிழாவுக்கு அமைச்சர் வருகிறார் என்று, கண்மாய்க்குள் நின்ற பட்டமரங்களை எல்லாம் வெட்டியது.

திருவிழாக் கமிட்டியில் நான் சொன்னேன். "அண்ணே, அந்த மரந்தாண்ணே பாம்புத்தாராவுக்கு றெக்கை காயப்போடுற கொடிக்கயிறு..."

தலைவர் சிங்கமுத்து சிரித்தார். "சார், விலங்கியலைப் பள்ளிக்கூடத்தோட வச்சுக்குங்க. விருந்தாளி வர்ற எடத்துல பட்டமரம் நின்னா வெளங்குமா?"

கூடவே சிரித்தீர்கள். யார் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

திருவிழா அன்று காலை... ஒரு பாம்புத்தாரா முங்கி எழுந்தது. இங்கே பார்த்தது... அங்கே பார்த்தது... மரம் எங்கே? தத்தித் தத்திக் கரையேறி, பந்தலுக்கு எதிரே சிறகை விரித்து நின்றது.

சிங்கமுத்து மைக்கைப் பிடித்தார். "பாருங்கய்யா! நம்ம அமைச்சரை ரெக்கைய விரிச்சு வரவேற்குது!"

ஒரே கைதட்டல். பந்தலுக்குப் பின்னாலிருந்து ஒரு நாய் வந்தது. நான் கத்தினேன்: "நாயை விரட்டுங்க!"

"ஒதுங்குங்க சார், போட்டோவுல விழுறீங்க!" என்றார் போட்டோ எடுத்தவர்.

ஒதுங்கினேன்... அவ்வளவுதான். நாய் கழுத்தைக் கவ்வியபோதும் பின்வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வருஷம் ஒரு பாம்புத்தாராகூடக் கூடு கட்டவில்லை. திருவிழா மட்டும் வந்துவிட்டது.

எதற்குச் சொல்கிறேன்? வெடி போடாமலிருக்க நமக்கு என்ன சிரமம்? ஒன்றுமில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். அந்தப் பறவைக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாள் கேட்டோமா? ஒருவன் சொன்னபோதாவது கேட்டோமா? உங்கள் பாசமெல்லாம் உங்கள் பெயர் மேல்தான், ஐயா. பறவை மேல் இல்லை.

யார் எழுதியது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். ஆனால் கையெழுத்துப் போட்டால், செத்த பறவையை விட்டுவிட்டு, "சாருக்கு வயித்தெரிச்சல்" என்று அதையே பேசிக் கலைவீர்கள். அதனால் பெயர் போடாமலே பந்தல் காலில் ஒட்டப் போகிறேன்.